விலாசம் றெமிஜியஸ்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். ஒன்பதாம் இலக்கத்தில் இருக்கும் றெமிஜியஸ் அண்ணைக்கு ‘விலாசம்’ என்று பட்டப்பெயர் வைத்தவன் நான். பட்டம் தெளிப்பதில் எங்கள் குருநகரார் கெட்டிக்காரர்கள், அதில் நான் இன்னும் கொஞ்சம் கெட்டி. வைத்த அன்றே அது ஸ்காபரோ முழுக்கப் பரவியது. அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

மனிதரிடம் மூன்று கேள்விகள் உண்டு. ஊரிலை எவடம், எந்தக் கோயிலுக்குக் கிட்ட, தாய் ஆர். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்தத் தமிழனையும் தமிழச்சியையும் அவர் பிடித்துவிடுவார். ஒருமுறை பிளாசாவில் மரக்கறிக்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஒரு பெண்ணிடம் கேள்வியைத் தொடங்கினார். மூன்றாவது கேள்வியில் அவளுடைய தாயும் தன் பெரியம்மாவும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. அவள் தன் பையிலிருந்த முருங்கைக்காயில் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கலியாணம் பேசுகிறவர்கள் அவரிடம் வந்து விசாரிப்பார்கள். செத்தவீட்டுக்குப் போனால் செத்தவரின் பிள்ளைகளுக்கே தெரியாத சொந்தக்காரரை அவர் கண்டுபிடித்து அறிமுகம் செய்துவைப்பார்.

பெயரை மட்டும் அவர் கேட்பதில்லை. ‘பேரிலை என்ன கிடக்கு, பேரை ஆரும் வைக்கலாம்’ என்பார். எங்கள் ஆட்கள் பலருக்கும் இது பொருந்தும். இருபது வருடம் பழகியவரின் பெயர் தெரியாது, தாயின் தகப்பன் எந்தக் கடற்கரையில் வலை இழுத்தார் என்பது தெரியும்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1990இல் மன்னாரில், அவருடைய பேசாலையில், ஆமியின் சுற்றிவளைப்பு ஒன்று. ஆண்கள் எல்லோரையும் வரிசையில் நடக்கவிட்டார்கள். ஜீப்பில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. அப்படிப்பட்டவனைத் தலையாட்டி என்போம். அவன் பேசுவதில்லை, யாருக்கு நேராகத் தலையை ஆட்டுகிறானோ அவனை ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போவார்கள். றெமிஜியஸ் அண்ணைக்கு முன்னால் அவருடைய தமையன் மாக்கஸ் நடந்துபோனார். சாக்கு ஆடியது. பின்னால் வந்த இவருக்கு ஆடவில்லை. மாக்கஸ் திரும்பி வரவில்லை.

அந்தச் சாக்குக்குள் இருந்தவன் யார் என்று அவர் தேடத் தொடங்கினார். கனடாவுக்கு வந்த பிறகும் விடவில்லை. எவடம், எந்தக் கோயில், தாய் ஆர் என்று தொடங்கினால் எங்கேயோ ஒரு முனையில் அந்த ஆள் அகப்படுவான் என்று நம்பினார். ஆள் அகப்படவில்லை, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. நாளடைவில் அது சந்தோசமான பழக்கமாகவும் ஆகிவிட்டது.

இருபத்தெட்டு வருடம் பாண் தொழிற்சாலையில் அடுப்படியில் நின்ற மனிதர். ஓய்வு எடுத்ததும் மகள் ஸ்டெபனி தாய் தகப்பனைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். மனைவி அன்ரனெற் அக்காவுக்கு முழங்கால் சரியில்லை, பதினாறு மணித்தியாலம் விமானத்தில் குந்தியிருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டா. அந்த இடத்துக்கு நான் தொற்றிக்கொண்டேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்கு மார்ச் விடுமுறையில் வேறு வேலை இல்லை.

புறப்படும்போது அன்ரனெற் அக்கா வாசலில் வைத்து அவரிடம் ஒன்று சொன்னா. “போற இடத்திலை ஆக்களை விசாரிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. எல்லாச் சனமும் எங்கடை சனமில்லை.”

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

கேப் டவுணில் மலை பார்த்தோம், கடல் பார்த்தோம், பென்குயின் பார்த்தோம். நான்காம் நாள் ரவுன்ஷிப் சுற்றுலா. கறுப்பர்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கிவைத்த காலத்தில் உண்டான குடியிருப்புகள் அவை. சட்டம் போய் முப்பது வருடம் ஆகியும் தகர வீடுகள் போகவில்லை. எந்த ரவுன்ஷிப் என்று நான் எழுதப்போவதில்லை. வழிகாட்டியின் பெயரை வுயோ என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வயது முப்பதுக்குள். அங்கேயே பிறந்து அங்கேயே இருப்பவன்.

சுற்றுலா வான் வண்டியில் ஏறும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஏழைகள் குடியிருப்பதைப் பார்க்க வான் பிடித்துப் போகிறோமே என்று வெட்கம். மடு அகதி முகாமில் நாங்கள் தறப்பாளுக்குக் கீழ் கிடந்தபோது எங்களையும் இப்படித்தான் வந்து பார்த்தார்கள், ஒருவன் என் தட்டைப் படம் எடுத்தான். இதை வுயோவிடம் சொன்னேன். நெடுஞ்சாலையில் போகிறபோது கண்ணாடிக்குள்ளால் பார்ப்பதைவிட என்னோடு நடந்து வந்து பாருங்கள், இது என் சோறு என்று அவன் சொன்னான். 

அவன் நடக்கும் விதம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் முன்னால் நின்று, அங்கே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்லுவான். பதில் வந்தால்தான் எங்களை உள்ளே கூட்டிப்போவான். பெரும்பாலும் பதில் வந்தது. ஒரு கிழவர் நாற்காலி எடுத்துப்போட்டார், தலைமுடி வெட்டும் கடையில் ஒருவர் என் மொட்டைக்கு இனாமாக வெட்டிவிடுகிறேன் என்றார். ஒரே ஒரு ஒழுங்கையில் இரண்டு பேர் பெட்டிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வுயோ வணக்கம் சொன்னான். அவர்கள் பார்த்தார்கள், பதில் சொல்லவில்லை. அவன் உடனே எங்களைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு வெள்ளைக் கார் எங்களுக்குப் பின்னால் மெல்ல ஊர்ந்தது. வுயோ திரும்பாமலே, நான் பகிடி சொன்ன மாதிரி எல்லோரும் சத்தமாகச் சிரியுங்கள் என்றான். சிரித்தோம். ஜேர்மனியிலிருந்து வந்த இரண்டு பெண்களும் உண்மையாகவே சிரித்தார்கள். நானும் றெமிஜியஸ் அண்ணையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஆமியின் சென்றிப் பொயின்றில் சோதனைக்கு நின்று பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். கார் எங்களைக் கடந்து போனது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு, தகரக் கூரை போட்ட ஒரு கிறிஸ்தவக் கோயிலடியால் திரும்பி ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனான். வாசல் படலையைத் திறக்குமுன், இங்கே படம் எடுக்கவேண்டாம், பெயரும் கேட்கவேண்டாம் என்றான். வழக்கமாகச் சமைக்கிற அம்மாவுக்குச் சுகமில்லை, இன்று வேறு ஒருவர் சமைத்திருக்கிறார் என்றும் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சமைத்தவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தலையைக் குனிந்தபடி பரிமாறினாள். சோளக் களியும் அவரைக் குழம்பும். எங்கள் ஆள் மூன்றாம் முறை குழம்பு வாங்கினார். பிறகு, வயது போனவர் என்றால் கொஞ்சம் உரிமை எடுக்கலாம்தானே, தட்டுகளை அடுக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் படம் எடுக்கவில்லை. பெயரும் கேட்கவில்லை. தன் உடைந்த ஆங்கிலத்தில் முதலாவது கேள்வியைக் கேட்டார்.

அவள் பானையைக் கழுவிக்கொண்டே நின்றாள். அவர் தன் ஊரைச் சொன்னார், தன் கோயிலைச் சொன்னார், தன் தாய் மீன்குழம்பில் புளி விடுகிற அளவைக் கையால் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தன் ஊரைச் சொன்னாள், அது கிழக்கே ஒரு நாள் பஸ் பயணம். தாயைப் பற்றிச் சொன்னாள், தாய் அந்த ஊரில் என்ன தொழில் செய்கிறாள் என்பதையும் சொன்னாள். இப்போது அந்த வீட்டின் பின்வளவு அறையில் இருப்பதாகவும், ஒரு வருடமாகத் தாயைப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாசலில் நின்ற வுயோவின் முகத்தில் இருந்தது வெளிச்சம் இல்லை. நேரமாகிவிட்டது என்று எங்களை எழுப்பினான்.

வானில் திரும்பும்போது, உங்களுக்குப் பிடித்திருந்தால் இணையத்தில் நாலு வரி எழுதிவிடுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆட்கள் வருவார்கள் என்று அவன் கேட்டுக்கொண்டான். றெமிஜியஸ் அண்ணை அவனுடைய கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தார்.

ரொறன்ரோவுக்கு வந்தபோது வாசலில் இன்னும் பனிக் குவியல். அவர் பாணுக்குப் பட்டர் பூசுகிற கவனத்தோடு உட்கார்ந்து றிவியூ எழுதினார். ஒரு விரலால் தட்டச்சு, இரண்டு நாள் வேலை. எழுத்துப் பிழை பார்க்க எனக்கு அனுப்பினார், நான் திருத்திக் கொடுத்தேன். அதில் வுயோவைப் பற்றி மூன்று வரிதான். மிச்சமெல்லாம் அந்தப் பெண்ணும் அவளுடைய குழம்பும். எந்த ஊர்க்காரி, தாய் என்ன தொழில், எந்தத் தகரக் கூரைக் கோயிலுக்குக் கிட்ட வீடு, பின்வளவில் தனியே இருக்கிற நல்ல பிள்ளை, போகிறவர்கள் அவளுடைய தாயைச் சுகம் விசாரியுங்கள். ஐந்து நட்சத்திரம்.

வாசித்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நன்றாக எழுதியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் பத்திரிகைகளில் மரண அறிவித்தல் எழுதுகிறவர்களும் இப்படித்தான் எழுதுவார்கள், இன்னாரின் அன்பு மகள், இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்டவர். நாங்கள் ஒரு ஆளை மதிப்பது அப்படி. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அதை எழுதினோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ஒன்பது நாள் கழித்து றிவியூவுக்குக் கீழே ஒருவன் பேச்சுக் கொடுத்தான். முகம் இல்லாத ஆள், பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து. நீங்கள் எந்த நாடு, உங்கள் ஊர் எது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்திருந்தான். றெமிஜியஸ் அண்ணைக்குக் கால் நிலத்தில் இல்லை. “பாத்தியே கிளிபோட், உவனும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான் கேக்கிறான்” என்று எனக்குப் படித்துக் காட்டினார். மூன்றாம் நாள் அவன் விசயத்துக்கு வந்தான். அந்தப் பிள்ளையின் ஊர்தான் தன் மாமியின் ஊரும், சொந்தமாக இருக்கவேண்டும், குடும்பமே அவளைத் தேடுகிறது, போய்ப் பார்க்கவேண்டும். கோயிலிலிருந்து எந்தப் பக்கம்?

சொந்தத்தைச் சேர்த்துவைக்கிற வேலை. அவர் அதற்கென்றே பிறந்தவர்.

அன்று பிற்பகல் நான் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட மணிக்குக் காத்திருந்தேன். கைத்தொலைபேசி அடித்தது.

“கிளிபோட், அந்தக் கோயிலாலை திரும்பினது இடப்பக்கமோ வலப்பக்கமோ?”

பாதை எனக்கு ஒருமுறை போனால் போதும், மறக்காது. “இடப்பக்கம். நீலத் தண்ணித் தாங்கி தாண்டி மூண்டாவது படலை.”

“நீலத் தாங்கி, ஓம் ஓம். நீ கெட்டிக்காரன்ராப்பா” என்று வைத்துவிட்டார். மணி அடித்தது, பிள்ளைகள் ஏறினார்கள். நான் அதை அன்றே மறந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருடைய தொலைபேசியில் ஒரு குறுஞ்செய்தி. இரண்டெழுத்துக்காரனிடமிருந்து, அவனுக்கு இவர் தன் இலக்கத்தையும் கொடுத்திருந்தார். ‘நன்றி. இடம் கிடைத்தது.’

அவ்வளவுதான். அவர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டி, சொந்தக்காரர் சேர்ந்துவிட்டார்கள் என்று சந்தோசப்பட்டார். அன்ரனெற் அக்கா சொதிக் கரண்டியைக் கையில் வைத்தபடி நின்றா. “சேந்த சந்தோசத்தை ஒரு சொல்லும் சொல்லேல்லையே. பிள்ளை எப்பிடி இருக்கிறாளெண்டு ஒரு சொல்லு?” என்று கேட்டா.

அப்போதுதான் அவர் அந்தத் திரையை மேலே தள்ளிப் பார்த்தார். பூசை நேரம் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார். வுயோவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வரி. தயவுசெய்து அழித்துவிடுங்கள், இப்போதே.

தொலைபேசியை நான் வாங்கி றிவியூவை அழித்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது எங்களிடம் கேட்டது. பிறகு வுயோவுக்கு எடுத்தோம். நாலாம் முறை எடுத்தான். தொலைபேசியை மேசையில் வைத்து எல்லோரும் கேட்டோம்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். கடைகளிடம் கப்பம் வாங்குகிற ஒரு கூட்டம் அங்கே இருக்கிறது, போன வருடம் கப்பம் கொடுக்காத ஒரு கடைக்காரரைச் சுட்டார்கள், கல்லாவில் நின்ற அந்தப் பெண் சுட்டவனின் முகத்தைப் பார்த்தாள், அடுத்த மாதம் அவள் நீதிமன்றத்தில் அதைச் சொல்ல இருந்தாள் என்று சொன்னான். அவளுடைய பெயரை ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, முகத்தை யாரும் படம் எடுக்கவில்லை, அதனால் பயமில்லை என்று இருந்தானாம். காலையில் போய்ப் பார்த்தபோது பின்வளவு அறையின் கதவு உடைந்து கிடந்தது. அடுப்பில் பானை. செருப்பு வாசலில். ஆள் இல்லை.

ஓடிவிட்டாளா, கொண்டுபோய்விட்டார்களா என்று றெமிஜியஸ் அண்ணை கேட்டார். தெரியாது என்றான். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனதாகவும், தான் அந்த இடத்தைவிட்டுப் போவதாகவும் சொன்னான். எங்கே என்று கேட்க இவர் வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

“நான் படமெடுக்கேல்லை. பேர் கேக்கேல்லை. ரெண்டும்தானே வேண்டாமெண்டவன்” என்று எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார். யாரிடம் நியாயம் கேட்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

வுயோ இன்னொன்று சொன்னான். நீங்கள் அவளிடம் மிக அன்பாகக் கேட்டீர்கள், ஒரு வருடமாக ஒருவரும் அவளுடைய தாயைப் பற்றிக் கேட்கவில்லை, அந்தச் சந்தோசத்தில் சொல்லிவிட்டாள், அன்று பின்னேரம் முழுக்க உங்களைப் பற்றித்தான் கதைத்தாள் என்றான். பிறகு கேட்டான், கோயில் வரைக்கும் றிவியூவில் இருக்கிறது, படலை வரைக்கும் யார் சொன்னது? உங்களோடு வந்த நண்பரா?

நான் அவருக்கு முன்னால் இருந்தேன். என் தட்டில் இடியப்பம் இருந்தது. வாயைத் திறந்தால் ஒரு சொல் போதும். அவர் என்னைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தபடியே தொலைபேசிக்குப் பதில் சொன்னார். இல்லை, நான் மட்டும்தான்.

வுயோவின் இலக்கம் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை. அவனுடைய சுற்றுலாப் பக்கமும் இல்லை. அந்த வழக்கு என்ன ஆனது என்று ஸ்டெபனி இணையத்தில் தேடிப் பார்த்தாள், சாட்சி இல்லாமல் தள்ளுபடி ஆன வழக்குகள் நிறைய இருந்தன, எது எங்களுடையது என்று தெரியவில்லை. பொலிசுக்கு எழுதினோம். உங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. அன்ரனெற் அக்கா இரண்டு கிழமை அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும் வாசலில் சொன்னதை அவருக்கு நினைவுபடுத்தவில்லை. அது அதைவிடக் கொடுமை.

மே மாதத்தில் ஒருநாள் அவருடைய வாகனத் தரிப்பிடத்தில் நின்று இருவரும் காரின் குளிர்காலச் சில்லைக் கழற்றி மாற்றிக்கொண்டிருந்தோம். குனிந்து நட்டை முறுக்கிக்கொண்டே, “முப்பத்துநாலு வருசம் அந்தச் சாக்குக்காரனைத் தேடினன். இனித் தேடமாட்டன்” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“கண்டால் அவனிட்டை என்னத்தைக் கேக்கிறது? அவன் திருப்பி என்னைக் கேட்டால்?”

இப்போது அவர் செத்தவீடுகளுக்குப் போவது குறைவு. போனாலும் பின்வரிசையில் இருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவார். போன கிழமை பஸ் தரிப்பில் புதிதாக வந்த ஒரு மன்னார்ப் பெடியன், இவருடைய பேச்சைக் கேட்டு ஊர் மணம் பிடித்துக்கொண்டு, “அங்கிள் நீங்கள் ஊரிலை எவடம்?” என்று கேட்டான். கேட்ட முகத்தில் அத்தனை ஆசை. இவர் வீதியைப் பார்த்துக்கொண்டு, மல்வேர்ன் என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது. பெடியன் தான் ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்து முன்னுக்குப் போய் இருந்தான்.

எனக்கு மட்டும் அந்த இடப்பக்கம் மனதைவிட்டுப் போகவில்லை. காலையில் பஸ்ஸை எடுத்து எங்கள் வீதியால் இடப்பக்கம் திருப்பும்போது நீலத் தாங்கி வந்து நிற்கும், மூன்றாவது படலை வரும், வாசலில் செருப்புக் கிடக்கும். அன்ரனெற் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று ஒன்பதாம் இலக்கத்துக்குப் பலமுறை போனேன். ஒவ்வொரு முறையும் நான் தொடங்குமுன் றெமிஜியஸ் அண்ணை கதையை மாற்றிவிடுகிறார். பங்குத்தந்தையிடமும் மகளிடமும் அவர் சொன்னது அதே பதில்தான், நான் மட்டும்தான். பார்த்தவர்கள் எல்லோருடைய விலாசத்தையும் ஊருக்குச் சொன்ன மனிதர், வாழ்நாளில் சொல்லாமல் விட்டது என்னுடையதை மட்டும்தான்.